ஐஸில் வைத்த ஆலா

"அரைதானே?" என்று கேட்டுக்கொண்டே காசி ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டான்.

கஸ்தூரி ஐஸ் கம்பெனி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். நாலைந்து நாட்களாகவே காலையில் வந்து அரை பார் ஐஸ் வாங்கிப் போகிறாள். கோணியில் உமியைத் தூவிச் சுற்றி, கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கொடுப்பது காசியின் வழக்கம்.

"அரை இல்ல. முழுசா மூணு பார் குடு."

"மூணா?" காசி சிரித்தான். "இன்னா பாப்பா, உங்க பறவ குட்டி போட்டுச்சா?"

"நைனா செத்துட்டாரு."

அவன் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"எப்போ?"

"விடியகாத்தால."

தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். ஊரெல்லாம் ஜனம். உள்ளே அடுக்கியிருந்த பார்கள் எல்லாம் சோடாக் கடைக்காரர்கள் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்தவை. காசி அதில் மூன்றைக் கொக்கியால் இழுத்து வெளியே தள்ளினான்.

"சோடாக்காரனுங்க கெடக்கறானுங்க. நீ போ, நான் வண்டில போட்டு எடுத்தாறேன்."

"கூட ஒரு அரையும் போடு."

"அது எதுக்கு?"

"பறவைக்கு."

காசி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அப்பன் செத்த வீட்டில் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் தான் தேறவில்லை என்பது கஸ்தூரிக்குத் தெரிந்தது. பரவாயில்லை என்றும் தோன்றியது.

"கல்லுப்பு போட்டு வைக்கறியா?" என்றான் கடைசியில். "உப்பு போட்டாதான் குளுரு நிக்கும்."

"போட்டுக்கினுதான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாள்.

அவள் அப்பா சகாதேவனுக்குத் தையல் தொழில். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் இப்பால், ஒரு மிஷின் மட்டும் போடக்கூடிய கடை. வீட்டுக் கூடத்தில் இன்னொரு மிஷின். வெள்ளைக்காரர்களுக்குக் கதர் ஜிப்பா தைத்தே ஒரு பெண்ணை பி.ஏ. படிக்க வைத்தார், ஒரு பையனைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பினார். அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பைனாகுலரையும் ஒரு பறவைப் புத்தகத்தையும் அவரிடம் விட்டுவிட்டுப் போனார். அன்று பிடித்தது பறவைப் பைத்தியம். விடிந்தால் சமுத்திரம் ஏரிக்கரை. ஒன்பது மணிக்குக் காக்கி டவுசரில் நெருஞ்சி முள்ளோடு வந்து மிஷினில் உட்காருவார்.

சென்னையில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அபூர்வமான பறவை ஒன்றைப் பார்த்ததாக யார் எழுதினாலும், அந்தச் சங்கத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்வார்கள். சகாதேவன் எழுதிக்கொண்டே இருந்தார். அதாவது, அவர் சொல்ல, பத்தாவது படிக்கும் காலத்திலிருந்து கஸ்தூரி ஆங்கிலத்தில் எழுதினாள். பதில் வந்தால் அவள்தான் படித்துச் சொல்வாள். ஒரு சொல்லைக்கூட மெதுவாக்கிச் சொன்னதில்லை. "தள்ளிட்டாங்க" என்றால் தள்ளிவிட்டார்கள்.

தள்ளியதில் நியாயமும் இருந்தது. ஒருமுறை ரோஜா நிறத்தில் புறா பார்த்தேன் என்று எழுதச் சொன்னார். 'மழையில் நனைந்த பிறகும் அதே நிறம் இருந்ததா?' என்று சங்கத்திலிருந்து மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். தேரடியில் சாயம் பூசி விற்கிற புறா அது. சகாதேவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

ஆனால் எழுபத்தேழு புயலுக்கு மறுநாள் பார்த்ததை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏரிக்கு மேலே ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றியது. மேலே கன்னங்கரேல், அடியில் வெள்ளை, கத்தரி மாதிரிப் பிளந்த வால். ஆலா. கடல் பறவை. அதிலும் நடுக்கடலில் வாழ்கிற ஆலா. முட்டையிட மட்டும் ஏதாவது தீவில் இறங்கும். கடலிலிருந்து இத்தனை தூரம், மலையடிவாரத்து ஏரியில் அதை யாரும் பார்த்ததாக எழுத்தில் கிடையாது. எழுதினார். பதில் வந்தது. 'ஒருவர் மட்டும் பார்த்தது. படம் இல்லை. இதேபோல இன்னொரு ஆலா உண்டு. அதற்கு நெற்றியின் வெள்ளை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். தாங்கள் சொல்வதற்குக் கண்ணோடு நின்றுவிடும். இதைக் கவனித்தீர்களா? கடல் பறவைகளோடு தங்களுக்குப் பழக்கம் உண்டா?' கீழே சக்கரபாணி என்று கையெழுத்து. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர்.

"கண்ணுகிட்ட சரியா தெரியலனு எழுது" என்றார் சகாதேவன். "கடலே பார்த்ததில்லனும் எழுது."

"அத எதுக்கு எழுதணும்?"

"கேட்டிருக்காங்க இல்ல?"

எழுதினாள். தள்ளிவிட்டார்கள்.

ஏழு வருஷம் கழித்து மறுபடி புயல். போன வாரம், கொட்டுகிற மழையில், வேண்டாம் என்று அம்மா கதவை மறித்து நின்றும் கேட்காமல் ஏரிக்குப் போனார். இருட்டும் நேரத்தில் திரும்பினார். சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்து உள்ளேயிருந்து அதை எடுத்தார். கருவேல முள்ளில் சிக்கியிருந்ததாம். எடுக்கும்போது உயிர் இருந்ததாம். வரும் வழியில் நின்றுவிட்டதாம். அன்றே சக்கரபாணிக்குத் தந்தி. மறுநாள் பதில்: 'மருந்தில் போட வேண்டாம். ஐஸில் வைக்கவும். புதன் காலை வருகிறேன்.'

அந்த மழையில் பிடித்த ஜுரம் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கஸ்தூரி கத்தினாள். "புதங்கிழம அந்தாளு வந்துட்டு போவட்டும். அன்னிக்கே போலாம்" என்றார். மூச்சு இழுத்துக்கொண்டு இருக்கும்போதும் அதையே சொன்னார். இன்று செவ்வாய்.

அவள் வீட்டுக்குள் வந்தபோது கீழ்பென்னாத்தூர் சனம் வந்து இறங்கியிருந்தது. பெரியப்பா ஆதிமூலம் வாசலில் பெஞ்சு தேடிக்கொண்டிருந்தார். அத்தை எல்லம்மாள், சகாதேவனுக்கு அக்கா, தலைவிரி கோலமாக உள்ளே ஓடினாள்.

அப்பாவைக் கூடத்தில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் ஆள் யாரும் இல்லாதபோது கஸ்தூரிதான் தாடையைக் கட்டினாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டத் துணி தேடினாள். மிஷின் அடியில் வெட்டிப் போட்ட கதர்க் கரை கிடந்தது. பாதங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்தன. இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவது சுலபமாக இல்லை. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதுதான் நின்றது.

காசி ஐஸைக் கொண்டுவந்து இறக்கினான். பெஞ்சுக்கு அடியில் உமி பரப்பி மூன்று பாரையும் அடுக்கினார்கள். தம்பி சக்கரவர்த்தி தந்தி கிடைத்து, ராத்திரி பஸ் பிடித்து, காலையில்தான் வந்து சேருவான். கொள்ளி வைக்க அவன்தான். அதுவரை தாங்க வேண்டும்.

நாலாவது கோணியை காசி சமையலறைக்குக் கொண்டுபோனான். அத்தையின் கண் அதன் பின்னாலேயே போனது.

"அங்க எதுக்கு?" என்றவள் எழுந்து வந்தாள். மூலையில் ஈயத் தவலை. தவலைக்குள் உப்பும் ஐஸ் தண்ணீரும். நடுவே மூடி போட்ட பிஸ்கட் டின். கஸ்தூரி தடுப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். பிளாஸ்டிக் தாளுக்குள் கறுத்த சிறகு.

"அடிப்பாவி! பொணத்துக்குப் பொணம் காவலா?"

கூடம் முழுக்கக் கேட்டது. பெரியப்பா உள்ளே வந்தார்.

"இன்னாடி அது?"

"இதுதாண்ணா இவன் ஏரில பொறுக்கிக்கினு வந்தது! இது வந்த அன்னிக்குத்தான் ஜொரம் வந்துச்சு. எமன சட்டைக்குள்ள வச்சிக்கினு வந்திருக்கான்! அது போவாம இவன இட்டுக்கினு போயிடுச்சு. இன்னும் வூட்ல வச்சி ஐஸ் வாங்கிப் போட்டு சீராட்டறா இவ!"

"வாசல்ல போட்டுட்டு வா, கஸ்தூரி" என்றார் பெரியப்பா. குரல் கடுமையாக இல்லை. செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கு ஒருத்தர் வராரு பெரீப்பா. அவர் பாக்கற வரைக்கும் இருக்கணும்."

"யாரு?"

"மெட்ராஸ்லர்ந்து. ப்ரொபசர்."

"இத பாக்கவா?"

"நைனா பாத்தேன்னு சொன்னது நெசமா பொய்யானு பாக்க."

பெரியப்பா அவளையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செத்துப் போனவன் சொன்னது நெசமா பொய்யானு பாக்க இன்னொருத்தன் பஸ் ஏறி வரணுமா? நம்ம ஆளு சொன்னா போதாதா?"

 ஏழு வருஷமாக ஒவ்வொரு கடிதத்தையும் படித்தபோது கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது இதே கேள்விதான்.

"சமுத்திரம்னு ஏரிக்குப் பேரு வச்சாலும் வச்சானுங்க, நெசமாவே கடல்ல இருந்து எழவு வந்து சேந்துச்சு" என்று அத்தை டின்னை இரண்டு விரலால் தூக்கினாள். "வுடு, நானே எறிஞ்சிட்டு வரேன்."

"வையி கீழ."

அம்மா. விடிந்ததிலிருந்து அவள் பேசவில்லை, அழவும் இல்லை. தலைமாட்டில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அத்தை கையிலிருந்து டின்னை வாங்கினாள். மூடியை அழுத்தி மூடினாள். கூடத்துக்குப் போய்க் குனிந்து, பெஞ்சுக்கு அடியில், இரண்டு ஐஸ் பாருக்கு நடுவே அதைச் செருகினாள். உமியை வாரி மேலே போட்டாள்.

"அவுரு பொருளு. அவுரு கூட இருக்கட்டும்" என்றாள். "கைய வைக்காதீங்க யாரும்."

அந்தப் பறவைகளை அம்மாவுக்குப் பிடிக்காது. விடியற்காலையில் ஆறிப்போன டீயை எத்தனை வருஷம் கீழே ஊற்றியிருப்பாள். கஸ்தூரி அவளைப் பார்த்தாள். அவள் மறுபடி தலைமாட்டில் போய்ச் சுவரோடு உட்கார்ந்துகொண்டாள்.

பிணத்தின் கீழே இருப்பதை அதற்கப்புறம் யார் தொடுவது? அத்தை முணுமுணுத்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். சாயங்காலத்துக்குள் அவள் பாட்டிலேயே பறவை வந்துவிட்டது.

"நடுக்கடலு பட்சி வந்து
நாலு நாளு தங்குச்சே - என் பொறப்பே
நாட்ட வுட்டுப் போவ வந்த
தோணி அது ஆச்சுதே..."

சுற்றி இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கஸ்தூரிக்கு அத்தை மேல் கோபம் கொஞ்சம் கம்மியானது, ஜாஸ்தி இல்லை.

ராத்திரி இரண்டு முறை எழுந்து ஐஸ் கரைந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்தாள். நாலாவது கோணியில் இருந்த அரை பார் சமையலறையிலேயே கரைந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவர மனம் எழவில்லை. அப்பா முதுகுக்கு நேர் கீழே இருந்த பாரிலிருந்து கல்லால் தட்டி ஒரு துண்டு உடைத்தாள். டின்னைச் சுற்றி வைத்து மேலே ஒரு பிடி கல்லுப்பு தூவினாள். அம்மா விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். 

சக்கரவர்த்தி விடிந்து வந்தான். ஷூவோடு ஓடிவந்து கால்மாட்டில் விழுந்தான். அதற்குப் பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. தீபத்துக் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறுவதற்குள் ஈசானியம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பெரியப்பா விரட்டினார். வாசலில் நெருப்பில் பறை காய்ந்தது. கீற்றுப் பின்னிப் பாடை கட்டினார்கள்.

குளிப்பாட்டத் தூக்கினார்கள். பெஞ்சை நகர்த்தியதும் உமிச் சேற்றில் பிஸ்கட் டின் தனியாகக் கிடந்தது.

கஸ்தூரி முன்னால் போய் நின்றாள். எறியச் சொல்வார்கள் என்று நினைத்தாள். அதற்கு வேண்டிய சொற்களை ராத்திரியே தயார் செய்து வைத்திருந்தாள். பெரியப்பா குனிந்து டின்னைத் தானே எடுத்தார். தோள் துண்டால் உமியைத் துடைத்தார். மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்குது" என்றார். குரல் உடைந்திருந்தது. "ராவெல்லாம் யோசிச்சேன், கஸ்தூரி. வெத்தல போடறவனுக்கு வெத்தல வச்சி அனுப்பறோம். சுருட்டு குடிக்கறவனுக்கு சுருட்டு. இவன் ஆசப்பட்டது இதானே? மார் மேல வச்சி அனுப்பிடலாம். அவங்கூடவே போவட்டும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஆமாண்ணா. அவன் சட்டைக்குள்ள வச்சிக்கினு வந்த மாதிரியே போவட்டும்."

கஸ்தூரியின் கையில் இருந்த சொற்கள் எல்லாம் விழுந்துவிட்டன. கோபத்தோடு வருகிறவர்களை அவளுக்குத் தெரியும். இப்படி வந்தால் என்ன செய்வது?

"வேணாம் பெரீப்பா."

"ஏம்மா?"

"எரிஞ்சிட்டா ஒண்ணும் இருக்காது. அவர் வந்து எதப் பாப்பாரு?"

"அவரு வந்தா இன்னா வராட்டி இன்னா, அக்கா?" சக்கரவர்த்தி ஈரத் தலையோடு வந்து நின்றான். அவன் கையில் கொள்ளிச் சட்டி. "ஆளே போயிட்டாரு. இனிமே அவங்க ஒத்துக்கினா இன்னா, ஒத்துக்காட்டி இன்னா? பெரீப்பா சொல்றதுதான் சரி. குடுத்துடு."

"உனக்குத் தெரியாது. நீ ஒரு லெட்டரும் எழுதல."

"இப்போ லெட்டரா முக்கியம்?"

"அவருக்கு அதான் முக்கியம்! ஆஸ்பத்திரிக்குக் கூட வராம கெடந்தாரு, இத ஒருத்தர் கையில குடுத்துட்டுப் போவணும்னு. நீங்க எல்லாரும் நல்லதுதான் செய்யறீங்க. ஆனா அவர் கேட்டது இது இல்ல."

தெருப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "படிச்ச பொண்ணாச்சே, அதான் மனசு கல்லாயிடுச்சு" என்பது அவள் காதில் விழ வேண்டும் என்றே சொல்லப்பட்டது. பெரியப்பா டின்னை விடவில்லை. அவர் கண்ணில் நீர் நின்றது. தம்பிக்கு அவர் கொடுக்கக்கூடியது அந்த நேரத்தில் அது ஒன்றுதான். பறை அடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கஸ்தூரி உள்ளே போனாள். மிஷினுக்கு மேலே ஆணியில் பைனாகுலர் தொங்கியது. தோல் வார் அறுந்துபோய், அவரே கதர்ப் பட்டை வைத்து மிஷினில் தைத்துப் போட்டிருந்தார். ஏரிக்கரையில் "பாரு பாரு" என்று அவர் அதை நீட்டியபோதெல்லாம் அவள் வாங்கியதில்லை. வேலை இருக்கு என்றிருக்கிறாள். இப்போதும் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இத வைங்க."

பெரியப்பா வாங்கவில்லை. "இது வெல ஜாஸ்தி ஆச்சே, கஸ்தூரி."

"இதுதான் அவர் கூடவே இருந்தது. அந்தப் பறவ ஒரு வாரம்தான். இது பதினஞ்சு வருஷம்."

வாரை அவளே அப்பா கழுத்தில் மாட்டினாள். தலையைத் தூக்கிக் கொடுத்தது சக்கரவர்த்தி. பூமாலைக்கு நடுவே இரண்டு கண்ணாடியும் மேலே பார்த்தபடி கிடந்தன. பெரியப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு டின்னை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பறைக்காரர்களைத் திட்டினார்.

"இன்னாடா வேடிக்க? அடிங்கடா!"

வாய்க்கரிசி போட்டார்கள். தெருமுனை வரை பெண்கள் போய் விழுந்து அழுதார்கள். பாடை செங்கம் ரோட்டுக் கூட்டத்துக்குள் போய்த் திரும்பியதும் சத்தம் அடங்கிவிட்டது.

வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் சக்கரபாணி வந்தார். அவர் நெட்டையாக இருப்பார், கோட்டுப் போட்டிருப்பார் என்று கஸ்தூரி ஏழு வருஷமாக நினைத்திருந்தாள். குட்டையான கிழவர். பஸ் கூட்டத்தில் கசங்கிய வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. வாசலில் சிதறிக் கிடந்த பூவையும் பொரியையும் பார்த்தவர் காலை எடுத்து வைக்காமல் நின்றுவிட்டார்.

"சகாதேவன் வீடு..."

"இதான். இப்பதான் எடுத்தாங்க."

"யார?"

"சகாதேவன."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடிச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே இருந்தார். "நான்... மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் வரேன்."

"அப்புறம்னா இது இருக்காது. இதுக்காக ஊரையே பகைச்சிக்கினு வச்சிருக்கேன். பாத்துட்டுப் போங்க."

அவள் குரலில் மரியாதை இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பின்னாலேயே கொல்லைப்புறம் போனார். துவைக்கிற கல்லின் மேல் பிளாஸ்டிக் தாளைப் பிரித்து வைத்தாள். ஐஸ் ஈரத்தில் இறகுகள் ஒட்டிக் கிடந்தன. அவர் கைக்குட்டையால் நெற்றியை மட்டும் மெல்ல மெல்ல ஒற்றினார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. லென்ஸை எடுத்து முகத்தை மிக அருகில் கொண்டுபோனார். பிடரியைப் புரட்டிப் பார்த்தார். சிறகை விரித்து ஸ்கேல் வைத்தார். ஒருமுறை அளந்ததை மறுபடியும் அளந்தார்.

 எதுவாக இருந்தாலும் சீக்கிரம் சொல்லித் தொலைக்கட்டும் என்று அவளுக்கு இருந்தது.

"இங்க பாரும்மா" என்றார். "வெள்ளை கண்ணோட நின்னுடுது. பின்னால போகல. பிடரியிலயும் வெளுப்பு இல்ல. இது அதுதான். உங்கப்பா சொன்னதுதான். சந்தேகமே இல்லை."

அவள் குனிந்து பறவையின் நெற்றியைப் பார்த்தாள்.

"அப்ப எழுபத்தேழுல பாத்தது?"

அவர் லென்ஸை மடித்தார்.  கொல்லைச் சுவருக்கு அப்பால் மலை முழுசாக வெயிலில் இருந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா. கண்ணுகிட்ட சரியாப் பாக்கலன்னு அவரே எழுதியிருந்தார். அதை இப்ப மாத்த முடியாது. இது வேற, அது வேற."

அவள் அடிக்க வேண்டும் போல அவரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. இந்த நேரத்தில், கழுவிய ஈரம்கூடக் காயாத வீட்டில், 'அதுவும் சரிதான், ஏத்துக்கறோம்' என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அவள் அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார்.

"இத காலேஜ் மியூசியத்துல வைப்போம்" என்றார். "பேர் போட்டு வைப்போம். ரொம்ப வருஷம் இருக்கும்."

பையிலிருந்து கெட்டி அட்டையில் வெட்டிய சின்னச் சீட்டு ஒன்றை எடுத்தார். இடம், தேதி, கண்டெடுத்தவர். முழங்காலில் வைத்துப் பென்சிலால் அழுத்தி எழுதினார். காலில் கட்ட வேண்டும் என்றார். நூல் கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னார்.

கஸ்தூரி உள்ளே போனாள். கழுவிய கூடத்தில் மிஷின் மட்டும் நனையாமல் நின்றது. அதன் தலையில் பாதி தீர்ந்த வெள்ளை நூல்கண்டு. அவர் கடைசியாக ஓட்டிய நூல் ஊசிக் கண்ணில் இன்னும் கோத்திருந்தது. அதை உருவி, முழ நீளம் இழுத்து அறுத்துக்கொண்டு வந்தாள்.

சக்கரபாணி சீட்டின் ஓட்டையில் நூலைக் கோத்துக் காலில் சுற்றினார்.  சவ்வு போட்ட சின்னக் கறுப்புக் கால்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் சாய்ந்தன. முதல் முடிச்சு நழுவியது.

"கொஞ்சம் ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சுக்கம்மா. நான் கட்டறேன்."

"வுடுங்க" என்றாள். "எனக்குத் தெரியும்."

கால்களைச் சேர்த்து ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் சுற்றி முடிச்சுப் போட்டாள். அது நின்றது. அதன் மேல் இன்னொன்று போட்டாள். பிறகு குனிந்து, மீந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நூல் உப்புக் கரித்தது.